அம்மாவோட கேமரன் மலைக்கு எந்த ரோட்டுல ஏறுறது?

கேள்வி: ஸ்கூல் லீவுல அம்மாவையும் பிள்ளைங்களையும் கூட்டிக்கிட்டு கேமரன் மலை போகலாம்னு இருக்கோம். அம்மாவுக்கு வளைவு ரோடுன்னாலே வாந்தி. எந்த வழியா ஏறலாம்? பாசிக்காட்டுக்கு அவங்க வரலாமா? பக்கத்துல கோயில் இருக்கா?
– வாசகி, கிள்ளான், மலேசியா

பதில்: அம்மா வர்றாங்கன்னா தாப்பா ரோடு வேணாம்மா. லாத்தா இஸ்கந்தர் அருவி அந்த வழியிலதான், பாக்க ஆசையாத்தான் இருக்கும், ஆனா அது காட்டுக்குள்ள சுத்திச் சுத்தி ஏறுற பழைய ரோடு, நமக்கே தலை சுத்தும். ஈப்போவுக்கு முன்னாடி சிம்பாங் பூலாய்ல ஹைவேய விட்டு இறங்கி ஏறுங்க, தூரம் கூடத்தான், ரோடு அகலமா இருக்கும், கம்போங் ராஜா பக்கம் வந்து சேருவீங்க.

ஸ்கூல் லீவுன்னா சனி ஞாயிறை மட்டும் விட்டுடுங்க, பிரிஞ்சாங்ல இருந்து கியா ஃபார்ம் வரைக்கும் கார் நகராது, ஸ்ட்ராபெரி வாங்குறதுக்கே பாதி நாள் போயிடும்.

பாசிக்காட்டத் தவறவிடாதீங்க. அது இருக்குற பிரிஞ்சாங் மலை 2,000 மீட்டருக்கு மேல, மேகம் வந்து மரத்துலயே உரசிக்கிட்டு நிக்கும், அந்த ஈரத்துலதான் அடிமரத்துல இருந்து கிளை நுனி வரைக்கும் பாசி மூடியிருக்கு. மரமெல்லாம் குட்டையா முறுக்கிக்கிட்டு நிக்கும். பூச்சிய பிடிச்சுத் தின்னுற குடுவைச் செடி இருந்தா பிள்ளைங்கள கிட்ட நின்னு உள்ள பாக்கச் சொல்லுங்க, அடியில தேங்குன தண்ணில பூச்சி கிடக்கும், ஆனா கை வைக்கவே கூடாது, பாசிய பிச்சு எடுக்குறவங்களப் பாத்தா எனக்கு மனசு தாங்காது. மேல போற ரோடு குறுகல், செங்குத்து, அதனால தானா ராத்தா டவுன்ல ஜீப் பேசிக்குங்க, காடு திறந்திருக்கான்னும் அப்பவே கேட்டுடுங்க. காட்டுக்குள்ள போற மரப்பலகைப் பாதையில படியும் வழுக்கலும் இருக்கு, அம்மாவுக்கு முட்டி வலின்னா நடக்கச் சொல்லி வற்புறுத்தாதீங்க, அவங்கள சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்துல ஒரு டீயோட உக்கார வைங்க.

1929ல ஆரம்பிச்ச ‘போ’ (BOH) டீ கம்பெனியோட தோட்டம் அது, இந்த மலையில தேயிலை கிள்ளுனதுல நம்ம தமிழாளுங்க பங்கு பெருசு, அத பிள்ளைங்களுக்கு அங்கயே வச்சு சொல்லுங்க. கோயிலுக்கு பிரிஞ்சாங் தெண்டாயுதபாணி சாமி இருக்காரு. சாயங்காலம் நல்லாவே குளிரும், அம்மாவுக்கு ஸ்வெட்டரும் சாக்ஸும் எடுத்து வைங்க.