ரெண்டு டீ பாக்கி

வணக்கம் ஐயா,

நான் மதுரை செல்லூரில் இருக்கிறேன். வயது 36, தனியார் வங்கியில் வேலை. மூன்று வருடமாக ஒரு வாட்ஸப் குழுவில் இருந்தேன். பழைய சினிமாப் பாட்டு ரசிகர்கள் எழுபது எண்பது பேர். துபாய், சிங்கப்பூர், கோவை என்று எல்லா ஊரிலும் ஆள் உண்டு. இரவு ஒன்பதரைக்குப் புதிர் ஆரம்பிக்கும். ஒருவர் ஏதாவது ஒரு பாட்டின் இடையிசையை ஐந்து விநாடி வெட்டிப் போடுவார், மற்றவர்கள் பாட்டைச் சொல்ல வேண்டும். படம், ஆண்டு, இசை, பாடியவர், எழுதியவர் எல்லாவற்றுக்கும் தனித்தனி மதிப்பெண்.

போன மாதம் 'மணமகளே மருமகளே வா வா' யார் எழுதியது என்று கேட்டார்கள். கண்ணதாசன் என்று போட்டேன். பஞ்சு அருணாசலம் என்று பதில் வந்தது. அதோடு விட்டிருக்கலாம். 'மதுரைக்காரருக்கு இதுகூடத் தெரியலையா' என்று ஒருவர் எழுத, வரிசையாகச் சிரிப்பு பொம்மைகள். அன்று இரவே வெளியேறிவிட்டேன். சிலர் போனில் செயலியை ஓடவிட்டுப் பாட்டைக் கண்டுபிடித்து, தங்கள் ஞானம்போலப் போடுகிறார்கள் என்ற வருத்தமும் எனக்கு முன்பே உண்டு. மனைவியோ 'இத்தனை வருசம் இதுல என்ன கெடச்சுச்சு' என்கிறாள். இந்த விளையாட்டால் ஏதாவது பயன் உண்டா? கூகுளில் தேடிப் பதில் சொல்வது தப்பா? நான் திரும்பச் சேரலாமா?

(பெயர் வேண்டாம்)
செல்லூர்

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில் அரசரடிப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பெண்ணை மேடைக்குக் கூட்டி வரும்போது இதே பாட்டு. பக்கத்து நாற்காலியில் இருந்தவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். 'என்ன இருந்தாலும் கண்ணதாசன் கண்ணதாசன்தான்யா' என்று தலையை ஆட்டினார். நான் வாயைத் திறக்கவில்லை. திறக்க எனக்கு வெட்கமாக இருந்தது. பிறகு அந்தக் கதைக்கு வருகிறேன்.

சில்லறையை முதலில் தீர்த்துவிடலாம். உங்கள் மனைவி கேட்டது உங்கள் வீட்டு விவகாரம், அதில் நான் தலையிட மாட்டேன். பாத்திரம் கழுவிக்கொண்டே புதிருக்குப் பதில் யோசிக்க முடியும் என்பதை மட்டும் அனுபவத்தில் சொல்லி வைக்கிறேன். செயலியை வைத்து ஏமாற்றுகிறார்களா, ஏமாற்றட்டும். ஐந்து விநாடி இசையை வெட்டிப் போட்டு 'இது என்ன பாட்டு' என்றால் அது மிஷினைப் பார்த்துக் கேட்கிற கேள்வி. மிஷின் பதில் சொல்லிவிட்டுப் போகிறது. அதன்மேல் உங்களுக்கு என்ன கோபம்?

உங்கள் குழுவில் கேள்வி கேட்கிறவர்களுக்குக் கேட்கத் தெரியவில்லை, அதுதான் சங்கதி. எஸ்.பி.பி. தமிழில் பாடிய முதல் பாட்டு எது என்று போட்டுப் பாருங்கள், அடிதடி ஆகும். 'அடிமைப்பெண்' படத்து 'ஆயிரம் நிலவே வா' என்பார் ஒருவர். 'சாந்தி நிலையம்' படத்து 'இயற்கை என்னும் இளைய கன்னி' என்று மல்லுக்கு நிற்பார் இன்னொருவர். இரண்டும் 1969. இரண்டுக்கும் முன்னால், வெளிவராமலே போன ஒரு படத்துக்காக எல்.ஆர். ஈஸ்வரியோடு அவர் பாடியது தனி. பதிவானதில் முதலா, திரைக்கு வந்ததில் முதலா என்று சொல்லாமல் கேட்டால் எல்லோரும் ஜெயித்தவர்கள், எல்லோரும் தோற்றவர்கள். இதற்கு மதிப்பெண் வேறு.

சரி, 'ஆயிரம் நிலவே வா' எழுதியது யார்? சட்டென்று வாலி என்றுதானே வருகிறது உங்களுக்கு? இல்லை, புலமைப்பித்தன். இதற்காகத்தான் உங்களைக் கொஞ்சம் திட்ட வேண்டும் என்று உட்கார்ந்தேன். பழைய பாட்டா, கண்ணதாசன். எம்.ஜி.ஆர். பாட்டா, வாலி. இதுதானே கணக்கு? ஒரு பெரிய மரத்தின் பேரைச் சொல்லித் தோப்பையே எழுதி வாங்கிக்கொள்கிற வேலை இது. பாடியவர் பெயரில் இப்படிச் செய்வீர்களா? சீர்காழி பாடியதை டி.எம்.எஸ். பாடியது என்று யாராவது சொன்னால் அடிக்கப் போவீர்கள் அல்லவா? எழுதியவன் என்றால் மட்டும் ஏன் இந்த அலட்சியம்? கண்ணதாசனுக்கு உங்கள் தயவு வேண்டியதில்லை. அவர் எழுதியதே அவருக்குப் போதும்.

பஞ்சு அருணாசலம் அவருடைய அண்ணன் மகன். சித்தப்பா சொல்லச் சொல்ல எழுதிக்கொண்ட கை அவருடையது. தன் பேனாவில் இன்னொருவர் பாட்டு ஓடுவதைப் பார்த்துக்கொண்டே இளமையைக் கழித்த ஆள். 1962-இல் 'சாரதா' வந்தது. கே.வி. மகாதேவன் மெட்டுக்கு அவர் எழுதிய அந்த ஒரு 'மணமகளே மருமகளே' இல்லாமல் அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் எந்தப் பெண்ணும் புகுந்த வீட்டுக்குள் போகவில்லை என்றே சொல்லலாம். மூன்று வருடம் கழித்து 'கலங்கரை விளக்கம்' படத்தில் 'பொன்னெழில் பூத்தது' எழுதினார். அதே படத்தில் 'காற்று வாங்கப் போனேன்' வாலி எழுதியது. ஆகவே 'பொன்னெழி'லையும் வாலி கணக்கில் சேர்த்துவிட்டார்கள். வாலி இல்லை என்று தெரிந்தவர்கள் கண்ணதாசனிடம் கொடுத்தார்கள். எழுதியவரிடம் கொடுக்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை. 1976-இல் 'அன்னக்கிளி'. கதவைத் தட்டிக்கொண்டிருந்த பண்ணைப்புரத்துக்காரரை உள்ளே கூப்பிட்டவரும் பஞ்சுதான், ராஜா என்ற பெயருக்கு முன்னால் 'இளைய' போட்டவரும் அவர்தான், 'மச்சானைப் பார்த்தீங்களா' எழுதியவரும் அவர்தான். இளையராஜா ரசிகர்கள் என்று நெஞ்சில் அடித்துக்கொள்கிற உங்கள் குழுவில் இந்த மூன்றையும் சேர்த்துச் சொல்ல எத்தனை பேர் இருக்கிறார்கள்?

போதும், மூச்சு வாங்குகிறது. உங்களைத் திட்டுவதற்கு எனக்கு என்ன யோக்கியதை என்று இப்போது சொல்கிறேன்.

எங்கள் ஊர் உசிலம்பட்டிப் பக்கம். 'சாரதா'வின் கதாநாயகன் எஸ்.எஸ்.ஆர். சேடபட்டிக்காரர், எங்களுக்குப் பக்கத்து ஆள். அதனால் அது எங்கள் சொந்தப் படம். கல்யாணமோ காதுகுத்தோ, முந்தின நாள் சாயங்காலமே மைக்செட் அண்ணன் வந்துவிடுவார். மாட்டு வண்டியில் ஆம்ப்ளிபயர், தகரப் பெட்டி நிறைய இசைத்தட்டு, ரெண்டு குழாய். குழாயைப் புளியமரத்தில் ஏற்றிக் கட்டுகிற வரைக்கும் விசேஷ வீடு விசேஷ வீடாகவே இருக்காது. முதல் தட்டு 'விநாயகனே வினை தீர்ப்பவனே', அதில் மாற்றம் கிடையாது.

அண்ணனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அத்தனை தட்டில் கேட்ட தட்டை எப்படி எடுப்பார்? உறையின் கிழிசல், நடுக்காகிதத்தின் நிறம், அதில் உள்ள நாய்ப் படம், என்றைக்கோ சிந்திய காப்பிக் கறை. அதிலும் சந்தேகம் வந்தால் தட்டை விளக்குக்குச் சாய்த்து வரிகள் மினுங்குவதைப் பார்ப்பார். பார்த்தே பாட்டைச் சொல்லிவிடுவார்.

ராத்திரி பந்தி முடிந்ததும் நாங்கள் ஏழெட்டுப் பையன்கள் பெட்டியைச் சுற்றி உட்கார்வோம். அவர் பந்தயம் வைப்பார். தோற்றவன் டீ வாங்க வேண்டும். ஒருநாள் கேட்டார்: "மணப்பாறை மாடு கட்டி பாட்டுல எத்தனை ஊர் வருது?" நாங்கள் விரல் விட்டோம். மணப்பாறை, மாயவரம், ஆத்தூர், பொள்ளாச்சி, விருதுநகர். அஞ்சு. "ஆறு" என்றார். இல்லவே இல்லை என்று நாங்கள் கத்த, அவர் ஒன்றும் பேசாமல் ஊசியை இறக்கினார். கல்யாண வீட்டு நடுராத்திரியில் ஏர் உழுகிற பாட்டு கிளம்பவும், தாய்மாமன் திண்ணையிலிருந்து "எவன்டா அவன், பொண்ணுக்கு நாளைக்குத் தாலி கட்டணுமா, நாத்து நடணுமா" என்று சத்தம் போட்டார். நாங்கள் காதைத் தீட்டிக்கொண்டு எண்ணினோம். கருதை நன்றாக விளையவைத்த பிறகு அறுப்புக்கு ஆள் எங்கிருந்து கூப்பிடச் சொல்கிறது பாட்டு? மருத ஜில்லாவிலிருந்து. மதுரை ஜில்லாப் பையன்கள் சொந்த ஜில்லாவை விட்டிருந்தோம். அத்தனை பேரும் டீ வாங்கினோம்.

எழுதியவர் மருதகாசி, இசை கே.வி. மகாதேவன், படம் 'மக்களைப் பெற்ற மகராசி', வருடம் 1957, பாடியவர் டி.எம்.எஸ். உங்கள் குழுவில் இந்த ஐந்துக்கும் மதிப்பெண் உண்டு. அண்ணனுக்கு இதில் ரெண்டு தெரிந்திருந்தால் அதிகம்.

1979 என்று நினைவு, நான் ஒன்பதாம் வகுப்பு. இன்னொரு கல்யாணம், 'மணமகளே மருமகளே' ஓடிக்கொண்டிருக்கிறது. நான் 'கண்ணதாசன் பாட்டு' என்று ஏதோ பீற்றிக்கொண்டேன். அண்ணன் திரும்பாமலே சொன்னார்: "இது கண்ணதாசன் இல்லடா. அவரு அண்ணன் மகன் எழுதுனது. பஞ்சுன்னு பேரு." நான் விடவில்லை. ரெண்டு டீ பந்தயம் என்றேன். தீர்ப்புச் சொல்ல யாரும் இல்லை. அப்போதுதான் அந்த வார்த்தையைச் சொன்னேன்: "அண்ணே, ஒங்களுக்குத் தட்டுல இருக்கிற எழுத்தையே படிக்கத் தெரியாது, யாரு எழுதுனதுன்னு எப்படித் தெரியும்?"

எல்லோரும் சிரித்தார்கள். பெரியவர்களும். 'படிச்ச பயல் சொல்றான்ல' என்று பந்தயத்தை எனக்குக் கொடுத்துவிட்டார்கள். அண்ணன் ஊசியைத் தூக்கி அடுத்த தட்டைப் போட்டார். விடிந்ததும் எனக்கு ரெண்டு டீ வாங்கிக் கொடுத்தார். ரெண்டையும் நான் குடித்தேன்.

அதற்குப் பிறகு முப்பத்தேழு வருடம், மேடைகளில்கூட, அதைக் கண்ணதாசன் பாட்டு என்றே சொல்லித் திரிந்திருக்கிறேன். 2016 ஆகஸ்டில் பஞ்சு அருணாசலம் இறந்தபோது வந்த அஞ்சலிக் குறிப்பைப் படித்துக்கொண்டிருந்தவன், அந்த வரிக்கு வந்ததும் பேப்பரை மடித்து வைத்துவிட்டேன். மறுவாரம் ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினேன்.

அண்ணனுக்கு எழுபது தாண்டியிருந்தது. மைக்செட்டைப் பிள்ளைகள் விற்றுவிட்டுப் பந்தல் சாமானும் பாத்திரமும் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார்கள். ஆயுசு முழுக்கக் குழாய்க்குக் கீழே உட்கார்ந்தவருக்குக் காது போயிருந்தது. மெதுவாக, தனியாக, மன்னிப்பு மாதிரி ஏதோ சொல்லலாம் என்று போனவன், டீக்கடையில் பத்துப் பேர் பார்க்க அவர் காதில் கத்த வேண்டியிருந்தது: "அண்ணே, அந்தப் பாட்டு பஞ்சு எழுதுனதுதான்!"

"அன்னைக்கே சொன்னேன்ல" என்றார்.

எப்படித் தெரியும் என்று கேட்டேன், அதையும் கத்தித்தான். காரைக்குடிப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குச் செட் கட்டப் போனாராம். பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர், 'எங்க ஊர்ப் பக்கத்துப் பய எழுதுனது, இன்னொருக்கப் போடு' என்று அதே தட்டைக் காலையிலிருந்து ஒன்பது தடவை போட வைத்தாராம். "ஊசி தேஞ்சு போச்சு. அந்த ஊசிக் காசுகூட அவுக தரல. அந்தப் பேரு எனக்கு எப்படிடா மறக்கும்?"

நான் ரெண்டு டீ சொன்னேன். ஒன்றைக் குடித்தார். சர்க்கரை வியாதி, ரெண்டாவது வேண்டாம் என்றார். "அது பாக்கி இருக்கட்டும்."

இப்போது உங்கள் விஷயம். கடைசியில் நீங்கள் கேட்டது என்ன, திரும்பச் சேரலாமா என்பதுதானே? முப்பது பொம்மைகள் சிரித்ததற்கா ரோஷம்? கல்யாண வீடே சிரித்தபோது அந்த மனுஷன் அடுத்த தட்டைப் போட்டார். போய்ச் சேருங்கள். நுழைந்ததும் வணக்கம் கிணக்கம் எல்லாம் வேண்டாம், நேராக ஒரு கேள்வி போடுங்கள். இசை எதையும் வெட்டிப் போடாதீர்கள், எழுத்தில் மட்டும்: இளையராஜாவின் முதல் படத்தில் ஒரு பாட்டு ஆண் குரலில் வருகிறதே, அது யார் குரல்?

பாதிப் பேர் எஸ்.பி.பி. என்பார்கள். மலேசியா வாசுதேவன் என்று சிலர் சத்தியம் செய்வார்கள். பதிலை இங்கே எழுத மாட்டேன். நம்ம ஊர்க்காரர் என்று மட்டும் சொல்கிறேன். 'மதுரைக்காரருக்கு இதுகூட' என்று கேட்டவருக்கு அது தனியாக உறைக்கட்டும்.

கூகுளில் தேடுவது தப்பா என்று கேட்டிருந்தீர்கள், விட்டுப்போயிற்று. மற்றதற்கெல்லாம் தேடிக்கொள்ளுங்கள். இந்த ஒன்றுக்குத் தேடினீர்கள் என்று தெரிந்தால் செல்லூருக்கே வந்து உதைப்பேன்.