வரியா, இசையா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

அறுபதுகளின் திரைப்பாடல்களைப் பற்றி நண்பர்களோடு பேசினால் பேச்சு கண்ணதாசனில் தொடங்கி கண்ணதாசனிலேயே முடிகிறது. அன்றைக்கு இசை வரிக்குத் துணை மட்டும்தான், நாலைந்து வாத்தியம் போதும், இசையமைப்பாளர் முன்னுக்கு வந்ததெல்லாம் பிற்காலத்தில் என்கிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. பதில் சொல்லவும் தெரியவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் நண்பர்களுக்கு ஒவ்வொரு வரியும் இன்றுவரை தெளிவாக நினைவிருக்கிறது அல்லவா? அந்தத் தெளிவைக் கொடுத்ததே இசையமைப்பாளர்கள்தான்.

அன்று பெரும்பாலும் பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒரே கூடத்தில், ஒரே நேரத்தில் பாடி வாசித்தார்கள். எல்லா ஒலியும் ஒரே தடத்தில் சேர்ந்து பதியும் மோனோ பதிவு. பிறகு உட்கார்ந்து குரலை ஏற்றி வயலினைக் குறைக்க வழியில்லை. ஒருவர் பிசகினாலும் மறுபடி முதலிலிருந்து. குரல் வரும்போது எந்த வாத்தியம் ஒதுங்க வேண்டும், எது எங்கே நுழைய வேண்டும் என்பதெல்லாம் ஒத்திகையிலேயே தீர்மானமாக வேண்டும். நாம் எளிமை என்று நினைப்பது அந்தக் கணக்கைத்தான்.

'நெஞ்சில் ஓர் ஆலயம்' (1962) படத்தின் 'சொன்னது நீதானா'வைக் கேளுங்கள். தான் இறந்துபோனால் நீ மறுமணம் செய்துகொள் என்று சொல்லிவிட்ட கணவனிடம் மனைவி பாடுவது. திரும்பத் திரும்ப வரும் 'சொல்' காகிதத்தில் வெறும் ஒரு சொல். விஸ்வநாதன்-ராமமூர்த்தியின் மெட்டும் சுசீலாவின் குரலும் சேர்ந்துதான் அதைக் கெஞ்சலாக்குகின்றன. அவர் சொல்ல முடியாமல் விட்டதை இடையில் சிதார் எடுத்துக்கொள்கிறது.

நாலைந்து வாத்தியம் என்பதும் சரியில்லை. அதே இரட்டையர் 'புதிய பறவை'யில் (1964) 'எங்கே நிம்மதி'க்குப் பெரிய இசைக்குழுவையே வைத்துக்கொண்டார்கள். குற்ற உணர்ச்சியில் சிக்கியவனைச் சுற்றி அத்தனை ஓசை தேவைப்பட்டது. 'சுமைதாங்கி'யின் 'மயக்கமா கலக்கமா'வில் பி.பி. ஸ்ரீனிவாஸின் குரலை ஏறக்குறைய தனியாகவே விட்டுவிட்டார்கள். இரண்டும் யோசித்து எடுத்த முடிவுகள்.

கே.வி. மகாதேவன் விஷயத்தில் உங்கள் நண்பர்கள் சொல்வதில் பாதி உண்மை. எழுதி வந்த பாட்டுக்கு மெட்டமைப்பதையே அவர் விரும்பினார். ஆனால் 'திருவிளையாடல்' (1965) படத்தில் பாலமுரளிகிருஷ்ணா பாடிய 'ஒருநாள் போதுமா'வைப் பாருங்கள். 'எழுந்தோடி' என்பதற்குள் தோடி ராகத்தின் பெயரை ஒளித்துவைக்கிறார் கண்ணதாசன். மகாதேவன் அங்கே தோடிக்கே போய்விடுகிறார். தர்பார், மோகனம், கானடா என்று ஒவ்வொன்றும் இப்படித்தான். இதில் வரி பெரிதா, இசை பெரிதா என்று யாரால் பிரிக்க முடியும்? அப்புறம், தேசிய விருதில் சிறந்த இசையமைப்பாளருக்கான முதல் விருதே 'கந்தன் கருணை'க்காக (1967) இவருக்குத்தான் வந்தது. யாரும் பின்னால் ஒதுங்கி நிற்கவில்லை.

எனக்குள்ள ஆதங்கம் வேறு. இசைத்தட்டில் படத்தின் பெயர் இருக்கும், பாடகரும் இசையமைப்பாளரும் இருப்பார்கள். சிதார் வாசித்தவரும் குழல் ஊதியவரும் பெரும்பாலும் இருக்க மாட்டார்கள். 'தில்லானா மோகனாம்பா'ளுக்கு (1968) நாதஸ்வரம் வாசித்த எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களை எல்லோருக்கும் தெரியும். அந்தப் பேறு கிடைத்தவர்கள் மிகக் குறைவு. பல்லவி முடிந்ததுமே வரியைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடும் நமக்கும் இதில் பங்கு உண்டு. அடுத்த முறை நண்பர்கள் கூடும்போது, சரணம் வரும்வரை பேசக் கூடாது என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். இடையிசையை ஒருமுறை முழுதாகக் கேட்கட்டும். அதன்பின் என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.