பாதி சமைத்து வையுங்கள், போதும்

ஜூன் மாதம் வந்துவிட்டது என்பதைக் காலண்டரைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. எனக்கு வரும் கேள்விகளே சொல்லிவிடும். ஏப்ரல், மே மாதங்களில் எடைக் குறைப்பைப் பற்றிக் கேட்டவர்கள், பள்ளிக்கூடம் திறந்ததும் டிஃபன் பாக்ஸுக்கு வந்துவிடுகிறார்கள். இந்த முறை வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். இரண்டு பிள்ளைகள். சமைப்பதைவிட, "இன்னிக்கு என்ன செய்யறது" என்று யோசிப்பதுதான் களைப்பு. ஒரு வாரத்தின் 21 வேளைக்கும் பட்டியல் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினேன். புதன்கிழமையோடு கவிழ்ந்துவிட்டது. (தாம்பரம்)

21 வேளைக்கும் பதார்த்தத்தின் பெயரை எழுதினால் கவிழத்தான் செய்யும். செவ்வாய்க்கிழமை அவரைக்காய்ப் பொரியல் என்று எழுதியிருப்பீர்கள், கடையில் அன்று அவரைக்காய் முற்றிப் போயிருக்கும். ஒரு வேளை மாறினால் அடுத்த நாலு வேளை சரியும்.

பெயரை விட்டுவிட்டு வகையை மட்டும் முடிவு செய்யுங்கள். திங்கள் சாம்பார், செவ்வாய் கலந்த சாதம், புதன் கூட்டும் ரசமும், வியாழன் புளிக்குழம்பு, வெள்ளி கீரை. சனிக்கிழமை இருப்பதை ஒழிக்கும் நாள். சாம்பாரில் முருங்கையா முள்ளங்கியா என்பதை அன்று கையில் இருக்கும் காய் முடிவு செய்யட்டும்.

தமிழ்நாடு அரசின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியபோது இப்படித்தான் பட்டியல் போட்டார்கள். திங்கள் உப்புமா, செவ்வாய் கிச்சடி, புதன் பொங்கல், வியாழன் மறுபடி உப்புமா, வெள்ளி கிச்சடியோடு ஓர் இனிப்பு. உப்புமா ரவையிலா சேமியாவிலா கோதுமை ரவையிலா என்பதில் மட்டும் நெகிழ்வு. அத்தனை பள்ளிக்கூடங்களுக்குச் சமைப்பவர்களுக்கே இந்த அளவு திட்டம் போதுமென்றால், நாலு பேருக்குச் சமைக்கிற நமக்கு 21 வரி எதற்கு?

இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அடுப்படியில் நின்று வாரத்துக்கும் சமைத்து டப்பா டப்பாவாக அடுக்கும் முறை நம் சாப்பாட்டுக்குச் சரிப்படாது என்பது என் கருத்து. நானும் ஒரு காலத்தில் செய்து பார்த்தவள்தான். ஐந்து குழம்பு வைத்தேன். புதன்கிழமை பிள்ளைகள் டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு மூடினார்கள். வியாழக்கிழமை ஏழு மணி நேரம் கரண்ட் போனது. மிச்சமெல்லாம் குப்பைக்குப் போனது.

பொரியல் மறுநாளே துவண்டுவிடும், ரசம் சூடுபடுத்தச் சூடுபடுத்த மணம் போய்விடும். ஆனால் குழம்புக்கு முந்தைய வேலை கெடாது. வேகவைத்த துவரம்பருப்பு ஃப்ரிட்ஜில் மூன்று நாள் தாங்கும். கெட்டியான புளிக்கரைசல் நாலைந்து நாள் இருக்கும். தேங்காய்த் துருவலைச் சின்னச் சின்ன பொட்டலமாக ஃப்ரீசரில் வைத்தால் ஒரு மாதம் வரும். கொண்டைக்கடலையை ஒரேயடியாக ஊறவைத்து, வேகவைத்து, பிரித்து ஃப்ரீசரில் போடலாம். புளிக்காய்ச்சல், தக்காளித் தொக்கு, பருப்புப் பொடி இந்த மூன்றும் இருந்தால் பாதி வாரத்துக்குக் கவலையில்லை. இவ்வளவையும் ஞாயிறு சாயங்காலம் இரண்டு மணி நேரத்தில் முடிக்கலாம். அப்புறம் சாம்பாருக்கு இருபது நிமிஷம் போதும், அன்றன்று தாளித்த வாசனையும் இருக்கும்.

ஞாயிறு அரைக்கும் இட்லி மாவு வியாழக்கிழமைக்குள் புளித்துப் போகிறது. சோடா உப்பு போடலாமா? (மதுரை)

சோடா உப்பு வேண்டாம். புளிப்பை மட்டுப்படுத்துகிறேன் என்று இட்லியைச் சவக்கார ருசிக்குக் கொண்டுபோய் விட்டுவிடும்.

மாவு பொங்குவதும் புளிப்பதும் ஒரே கூட்டத்தின் வேலை. லாக்டிக் அமிலம் உண்டாக்கும் பாக்டீரியாக்கள் மாவில் பெருகி, வாயுவையும் அமிலத்தையும் சேர்த்தே விடுகின்றன. வாயுவால் இட்லி உப்புகிறது, அமிலத்தால் புளிக்கிறது. ஃப்ரிட்ஜ் குளிர் அவற்றைக் கொல்வதில்லை, மெதுவாக்குகிறது, அவ்வளவுதான். அதனால் ஒருமுறை பொங்கிய மாவு உள்ளே இருந்தாலும் புளித்துக்கொண்டேதான் இருக்கும்.

வழி ரொம்ப எளிது. அரைத்து உப்புப் போட்டுக் கரைத்ததும் மாவை இரண்டு பாத்திரமாகப் பிரியுங்கள். ஒன்றை வழக்கம்போல் வெளியே வையுங்கள். உங்கள் ஊர் வெயிலுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் போதும், மார்கழியில் பன்னிரண்டு மணி நேரமும் ஆகும். மற்றொன்றைப் பொங்கவே விடாமல் நேரே ஃப்ரிட்ஜின் உள்பக்கம், பின்சுவரை ஒட்டி வைத்துவிடுங்கள். புதன் சாயங்காலம் அதை வெளியே எடுத்தால், சில்லிட்ட மாவு சூடேறிப் பொங்க ராத்திரி முழுக்க ஆகும். வியாழன் காலை புது மாவு மாதிரி இட்லி வரும்.

பொங்கிய மாவையும் மொத்தமாக வெளியே எடுத்து எடுத்து உள்ளே வைக்காதீர்கள். வேண்டிய அளவை ஈரமில்லாத கரண்டியால் வேறு கிண்ணத்தில் எடுத்துக்கொள்ளுங்கள்.

நம் பாட்டிமார் ஒரே மாவுக்கு வைத்திருந்த வரிசையையும் மறக்க வேண்டாம். முதல் நாள் இட்லி, அடுத்து தோசை, அதற்கப்புறம் ஊத்தப்பம், கடைசியில் குழிப்பணியாரம். புளிப்பு ஏற ஏற அதற்கேற்ற பலகாரம். ரொம்பப் புளித்தால் ஒரு கை பச்சரிசி மாவு கலந்து, வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டுப் பணியாரம் ஊற்றுங்கள், பிள்ளைகள் சண்டை போட்டுச் சாப்பிடும். மேலே இளஞ்சிவப்பாகவோ கறுப்பாகவோ புள்ளி தெரிந்தால் மட்டும் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

காய்களை ஞாயிறே நறுக்கி வைத்தால் சத்து போய்விடுமா? (சேலம்)

கொஞ்சம் போகும். வைட்டமின் சி காற்றுப் பட்டால் குறையும், அதிலும் பொடியாக நறுக்கினால் அதிகம் குறையும். ஆனால் நறுக்க நேரமில்லை என்று காயே இல்லாமல் முட்டையும் அப்பளமுமாக வாரத்தை ஓட்டினால் இழப்பு அதைவிடப் பெரிது. ஒருவர் ஒரு நாளைக்குக் காய்கறியும் பழமுமாக அரைக் கிலோ சாப்பிட வேண்டும் என்கிறது ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ல் வெளியிட்ட வழிகாட்டி. அதில் பாதியைக்கூட நம்மில் பலர் எட்டுவதில்லை. ஆகவே நறுக்கியே வையுங்கள்.

எல்லாக் காயையும் அல்ல. பீன்ஸ், கேரட், கோஸ், காலிஃப்ளவர் போன்றவை ஈரம் துடைத்து மூடிய டப்பாவில் மூன்று நாள் நன்றாக இருக்கும். வெண்டைக்காயைக் கழுவித் துடைத்து முழுசாக வையுங்கள். கத்தரி, வாழைக்காய், உருளை மூன்றையும் அன்றைக்கே நறுக்குங்கள். சின்ன வெங்காயத்தை உரித்து வைப்பது வாரத்தின் மிகப் பெரிய உபகாரம், தோலோடுதான் நேரம் போகிறது. அந்த வேலையை டி.வி. முன்னால் உட்கார்ந்திருப்பவர்களிடம் தள்ளிவிடுங்கள். கீரையை ஆய்ந்து, கழுவாமல் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள், இரண்டு நாளைக்குள் செய்துவிடுங்கள்.

மாமியார் எங்களோடு இருக்கிறார். ஃப்ரிட்ஜில் வைத்தது எல்லாமே விஷம் என்கிறார். ஆனால் ராத்திரி மிஞ்சிய சாதத்தை மூடி மேடையிலேயே வைத்துவிடுகிறார். யார் சொல்வது சரி? (திருச்சி)

இரண்டு பேருக்கும் பாதிப் பாதி மார்க். உங்கள் அத்தை பயப்படுவதில் நியாயம் இருக்கிறது, பயப்படும் இடம்தான் மாறிப் போயிருக்கிறது.

அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்று ஒரு கிருமி உண்டு. அதன் வித்துகள் சோறு வேகும் சூட்டையும் தாங்கும். வெந்த சோறு வெதுவெதுப்பாகப் பல மணி நேரம் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். வாந்தி வரவைக்கும் அந்த நஞ்சு மறுபடி சூடுபடுத்தினாலும் அழியாது. ஆகவே காலையில் அந்தச் சாதத்தைத் தாளித்து லெமன் சாதமாக்கிப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தனுப்புவது நல்லதல்ல. மிஞ்சிய சாதத்தைத் தட்டில் பரப்பி ஆறவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வையுங்கள். மறுநாளே தீர்த்துவிடுங்கள்.

"அப்போ பழைய சோறு?" என்று அவர் கேட்பார், கேட்க வேண்டும். பழைய சோறு வேறு விஷயம். தண்ணீர் ஊற்றி ஊறவைக்கும்போது அதில் புளிப்பு ஏறுகிறது, புளிப்பு ஏற ஏறக் கெட்ட கிருமிகளுக்கு இடம் சுருங்குகிறது. சோறு ஆறியதும் சுத்தமான பாத்திரத்தில் சுத்தமான தண்ணீர் ஊற்றி, காலையிலேயே மோர் விட்டுச் சாப்பிடட்டும். மூடி மட்டும் வைத்த உலர்ந்த சோறு பழைய சோறு ஆகாது.

உங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அடுப்பிலிருந்து இறக்கிய சாம்பாரை ஆழமான பாத்திரத்தோடு அப்படியே உள்ளே வைத்தால், நடுப்பகுதி ராத்திரி வரைக்கும் வெதுவெதுப்பாகவே இருக்கும். அகலமான இரண்டு மூன்று பாத்திரங்களில் ஊற்றி ஆறவைத்து வையுங்கள். சாப்பிடும் அளவை மட்டும் எடுத்துக் கொதிக்க விடுங்கள், முழுப் பாத்திரத்தையும் தினமும் சூடேற்றி மறுபடி உள்ளே வைக்கும் பழக்கம் வேண்டாம். கரண்ட் போனால் கதவைத் திறக்காமல் இருந்தால் நாலு மணி நேரம் வரை கவலையில்லை.

இதையெல்லாம் அத்தையிடம் நேராகச் சொல்லாமல், கணவரை விட்டுச் சொல்ல வைத்தால் வேலை சுலபம்.

யூ.கே.ஜி. படிக்கும் மகள் டிஃபன் பாக்ஸை அப்படியே கொண்டுவருகிறாள். வீட்டில் அதே சாப்பாட்டைச் சாப்பிடுகிறாள். (ஈரோடு)

முதலில் அந்த மூடியை அவளால் திறக்க முடிகிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், நான் பார்த்த குழந்தைகளில் பலருக்கு இதுதான் சிக்கல். இருபது நிமிஷ இடைவேளையில் ஆயாம்மா எல்லார் பாக்ஸையும் திறந்து முடிப்பதற்குள் மணி அடித்துவிடும்.

இரண்டாவது, கொதிக்கக் கொதிக்கப் போட்டு மூடினால் ஆவி உள்ளேயே தண்ணீராகி எல்லாம் கொழகொழவென்று ஆகிவிடும். ஆவி அடங்கிய பிறகு மூடுங்கள். தயிர் சாதமென்றால் நிறையப் பாலும் ஒரு ஸ்பூன் தயிரும் விட்டுப் பிசையுங்கள், மதியத்துக்குச் சரியாக உறைந்திருக்கும். அளவையும் பாதியாக்குங்கள். காலியான பாக்ஸோடு வீட்டுக்கு வருவதே அவளுக்கு ஒரு பெருமை.

மனைவி நர்ஸ். மாதத்தில் பத்து நாள் நைட் டியூட்டி. அந்த நாட்களில் நான்தான் பிள்ளைகளுக்குச் சமைக்கிறேன். எனக்கு சோறு வடிக்க மட்டும்தான் தெரியும். (திருநெல்வேலி)

சந்தோஷம் அண்ணே. சோறு தெரிந்தால் முக்கால்வாசி தெரிந்த மாதிரி. குக்கருக்குள் வைக்கிற அடுக்கு ஒன்று வாங்குங்கள். கீழே பருப்பு, நடுவில் அரிசி, மேலே இரண்டு உருளைக்கிழங்கும் ஒரு கேரட்டும். ஒரே தடவையில் எல்லாம் வெந்துவிடும். பருப்பைக் கடைந்து நெய்யும் சீரகமும் தாளியுங்கள், உருளையை மிளகாய்த்தூளில் புரட்டுங்கள், கேரட்டைச் சின்னவனுக்கு மசித்துவிடுங்கள். அடுத்த நாள் முட்டைப் பொடிமாஸ், அதற்கடுத்த நாள் புளிக்காய்ச்சல் சாதம். மூன்று நாள் ஓடிவிட்டது. ரசம் வைக்க மட்டும் மனைவியிடமே கற்றுக்கொள்ளுங்கள். ரசத்தை எழுத்தில் சொல்லித் தர எனக்கு வராது.

ஞாயிறு மீன் வாங்கினால் வாரத்தின் நடுவில் ஒரு நாளுக்கு வைத்துக்கொள்ளலாமா? (நாகர்கோவில்)

வைக்கலாம், ஃப்ரீசரில் மட்டும். கீழ்த்தட்டில் பச்சை மீனோ கோழியோ ஒரு நாளைக்கு, மிஞ்சினால் இரண்டு நாளைக்குமேல் வேண்டாம். வாங்கி வந்த உடனே கழுவி, ஒரு வேளைக்கு ஒரு பொட்டலமாகப் பிரித்து, மசாலா தடவி ஃப்ரீசரில் போடுங்கள். சமைக்கும் முந்தின ராத்திரி கீழ்த்தட்டுக்கு இறக்கினால் காலையில் இளகியிருக்கும். மேடையில் வைத்தோ வெந்நீரில் போட்டோ இளக்க வேண்டாம். இளகியதை மறுபடி உறைய வைக்கவும் வேண்டாம்.

சூரை, அயிலை, சாளை வாங்கும்போது கூடுதல் கவனம் வேண்டும். இவை வெயிலில் கிடந்தால் சதையில் ஹிஸ்டமின் சேர்ந்துவிடும். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, உடம்பெல்லாம் தடித்துப் போகும். குழம்பில் எவ்வளவு கொதித்தாலும் அது போகாது. கடற்கரை ஊர்க்காரர், மீன் பார்க்க உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. வாங்கின பிறகு வண்டியின் முன்பக்கம் பையை மாட்டிக்கொண்டு இன்னும் நாலு கடைக்குப் போகாமல் நேரே வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

கடையில் விற்கும் இஞ்சி பூண்டு விழுது வாங்கலாமா? (சென்னை)

அவசரத்துக்கு வாங்கலாம். உப்பு தூக்கலாக இருக்கும், குழம்பில் உப்பைக் குறைத்துப் போடுங்கள். வீட்டில் அரைப்பதென்றால் தண்ணீருக்குப் பதில் கொஞ்சம் எண்ணெயும் உப்பும் சேர்த்து அரைத்து, ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைத்துவிடுங்கள். ஒரு குழம்புக்கு ஒரு கட்டி. ஆனால் அந்தத் தட்டில் மறுபடி தண்ணீர் ஊற்றி ஐஸ் எடுக்காதீர்கள். எங்கள் வீட்டு விருந்தாளி ஒருவர் பூண்டு வாசனையோடு ரோஸ் மில்க் குடித்திருக்கிறார்.