ஆண் சிங்கத்துக்கு இரண்டு வருடக் கணக்கு
(வாசகர் கேள்வி – பதில்)

சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்து இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சிங்கத்தைப் பற்றியவை. அதனால் இந்தப் பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டோம்.

கேள்வி: வேட்டைக்குப் போவதெல்லாம் பெண் சிங்கம். ஆண் மரத்தடியில் தூங்கிவிட்டு, இரை விழுந்ததும் முதல் ஆளாக வந்து தின்கிறது. இதற்குப் போய் ராஜா என்று பேரா? (செம்பனைக் குலை லாரி ஓட்டுநர்)

பதில்: அண்ணே, நாம் பார்க்கும் சிங்கப் படங்களைப் பிடிப்பது பெரும்பாலும் பகலில். ஆண் சிங்கத்தின் வேலையோ இரவில். இருட்டியதும் எழுந்து எல்லையைச் சுற்றும், புதரில் சிறுநீர் பீய்ச்சும், பின்னங்காலால் மண்ணைக் கீறி வாடை விடும், நின்று கர்ஜிக்கும். தான்சானியாவின் செரெங்கெட்டிச் சமவெளியில் ஒரு கூட்டத்தின் எல்லை நூற்றுக்கணக்கான சதுர கிலோமீட்டர் வரை விரியும். அதை ஒரே இரவில் சுற்றி முடிக்க முடியாது.

வேட்டையும் ஆடும். ஏறக்குறைய 190 கிலோ எடையும் பெரிய பிடரியும் வைத்துக்கொண்டு திறந்த புல்வெளியில் ஒளிய முடியாது, அவ்வளவுதான். தென்னாப்பிரிக்காவின் குரூகர் காட்டில் நடந்த ஆய்வு 2013இல் வெளியானது. அடர்ந்த புதருக்குள் பதுங்கியிருந்து ஆண் தனியாகவே இரையை மடக்குகிறது என்று அது காட்டியது. புதருக்குள் கேமரா எட்டாது, நம் கண்ணுக்கும் படாது. எருமை போன்ற கனத்த இரையைச் சாய்க்க ஆணின் எடை பெரிதும் உதவும்.

கேள்வி: புதிதாக வந்த ஆண் சிங்கம் குட்டிகளைக் கடித்துக் கொன்றதைப் படத்தில் பார்த்து என் வகுப்புப் பிள்ளைகள் அழுதுவிட்டார்கள். அதற்குப் பைத்தியம் பிடித்ததா என்று கேட்கிறார்கள். என்ன சொல்லட்டும்? (தமிழ்ப்பள்ளி ஆசிரியை)

பதில்: பைத்தியம் இல்லை டீச்சர். கரும்பலகையில் ஒரு கணக்குப் போட்டுக் காட்டுங்கள், பிள்ளைகளுக்குப் புரியும்.

பால் குடிக்கும் குட்டி இருக்கும்வரை தாய் மறுபடி சினைக்கு வராது. குட்டிகள் தப்பி வளர்ந்தால் ஒரு ஈற்றுக்கும் அடுத்த ஈற்றுக்கும் நடுவில் சுமார் இரண்டு வருடம். ஆனால் ஓர் ஆண் கூட்டத்தைக் கையில் வைத்திருக்கும் காலமே பொதுவாக இரண்டிலிருந்து மூன்று வருடம்தான். பழைய ஆணின் குட்டிகள் வளரும்வரை புது ஆண் காத்திருந்தால் அதன் காலம் முடிந்துவிடும். குட்டிகளை இழந்த தாயோ சில வாரங்களில் சினைக்கு வந்துவிடும்.

அப்போதும் உடனே கரு தங்குவதில்லை. புது ஆண் வந்த பிறகு சில மாதங்களுக்கு இணைசேர்க்கை நடக்கும், சினை பிடிக்காது. பிடித்தபின் 110 நாள் கர்ப்பம். பிறகு குட்டி தன் காலில் நிற்க இரண்டு வருடம். எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள், இரண்டரை வருடத்தைத் தொடும். அதாவது தன் முதல் ஈற்றை ஆளாக்கிவிட்டுப் போவதற்கே சராசரி ஆணுக்குக் காலம் மட்டுமட்டாகத்தான் இருக்கிறது. ஆண் சிங்கத்தின் சண்டை, கர்ஜனை, அலைச்சல் எல்லாம் இந்தக் கணக்கில்தான் வந்து நிற்கும். எல்லையில் அது தினம் தடுத்து நிறுத்துவது, தன் குட்டிகளை இதேபோல் கொல்லக்கூடிய இன்னோர் ஆணைத்தான். செரெங்கெட்டியில் சாகும் குட்டிகளில் ஏறக்குறைய கால்பங்கு இப்படிப் போகிறது.

தாய் சும்மா விட்டுக்கொடுப்பதில்லை என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். ஈன்ற ஆறேழு வாரம் குட்டிகளைக் கூட்டத்தை விட்டு விலக்கிப் புதரிலும் பாறை இடுக்கிலும் மறைத்து வைக்கும். அந்நிய ஆணின் குரல் கேட்டால் குட்டிகளை அழைத்துக்கொண்டு விலகிப் போகும். சில பெண்கள் சேர்ந்து எதிர்த்தும் நிற்கும். ஓரளவு வளர்ந்த குட்டிகளோடு கூட்டத்தையே விட்டு வெளியேறிவிடும் தாய்களும் உண்டு.

கேள்வி: எங்கள் தோட்டம் டவுனிலிருந்து 7 கிலோமீட்டர். சிங்கம் டவுனில் கர்ஜித்தால் எங்கள் லயத்துக்குக் கேட்குமா? (ஆறாம் ஆண்டு மாணவன்)

பதில்: காற்றில்லாத இரவில், திறந்தவெளியில் 8 கிலோமீட்டர் வரை கேட்கும், தம்பி. உங்கள் பக்கம் செம்பனை மறைப்பதால் கொஞ்சம் குறையும். தொடக்கத்தில் ஒன்றிரண்டு முனகல், அப்புறம் வயிற்றை எக்கி எழுப்பும் நீண்ட முழக்கங்கள், கடைசியில் 'உஹ், உஹ்' என்று குறுகிக்கொண்டே போகும் உறுமல். இப்படித்தான் ஒரு கர்ஜனை போகும்.

கூட்டம் இல்லாமல் அலையும் ஆண்கள் கர்ஜிப்பதில்லை. கர்ஜித்தால் இடத்துக்காரன் தேடி வந்துவிடுவான்! 1990களில் செரெங்கெட்டியில் ஒலிபெருக்கி வைத்து அந்நியக் குரலைப் போட்டுப் பார்த்தார்கள். எத்தனை குரல் என்று எண்ணிப் பார்த்துத்தான் பெண்கள் முன்னே வந்தன. ஆண்களோ தங்களைவிட எதிரி அதிகம் என்று கேட்டும், துணை பக்கத்தில் இல்லாதபோதும், ஒலிபெருக்கியை நோக்கி நடந்தன.

கேள்வி: அண்ணன் தம்பி சிங்கங்கள் சேர்ந்தே ஆளும் என்கிறார்கள். எங்கள் வீட்டில் ஒரு துண்டு நிலத்துக்கே பேச்சுவார்த்தை நின்றுவிட்டது. அவற்றுக்குள் சண்டை வராதா? (ஓய்வுபெற்ற பால்வெட்டுத் தொழிலாளி)

பதில்: வரும் ஐயா. இரையின் மேல் அறைந்துகொள்ளும். ஒரு பெண் சினைக்கு வந்தால் ஒன்று அதை ஒட்டியே நடக்கும், மற்றது தள்ளி நிற்கும். ஆனால் பிரிந்தால் பிழைப்பில்லை.

தனி ஆண் எப்படிச் சாகிறது என்று தெரிந்தால் காரணம் விளங்கும். எதிரி இரண்டாக வந்தால் ஒன்று முகத்துக்கு நேரே நின்று அறையும். இது அந்தப் பக்கம் திரும்பிய நொடியில் மற்றது பின்னால் பாய்ந்து இடுப்புக்கு மேல் முதுகெலும்பைக் கவ்வும். பின்னங்கால் செயலிழந்துவிட்டால் அதோடு சரி. உயிரோடு தப்பினாலும் கோரைப்பல் இறங்கிய காயம் வெளியே சிறிதாக, உள்ளே ஆழமாக இருக்கும். சீழ் வைத்துச் சில நாளில் கொன்றுவிடும்.

அதனால்தான் இரண்டு மூன்று வயதில் கூட்டத்திலிருந்து துரத்தப்படும் இளசுகள் ஒன்றாகவே அலைகின்றன. இரண்டு மூன்று பேர் உள்ள கூட்டணியில் இரத்த உறவில்லாத அந்நியனும் இருப்பான். நாலுக்கு மேல் போனால் அநேகமாக எல்லாம் ஒரே கூட்டத்தில் பிறந்தவைதான். தென்னாப்பிரிக்காவின் சாபி சாண்ட் வனவிலங்குக் காப்பகத்தில் 2006 முதல் கோலோச்சிய மபோகோ கூட்டணியில் ஆறு ஆண்கள். 2010இல் புதிதாக நுழைந்த ஆண்கள் அவற்றில் ஒன்றைக் கொன்றன. எண்ணிக்கை குறையக் குறைய அதன் பிடியும் தளர்ந்தது.

கேள்வி: பிடரி கழுத்தைக் காக்கும் கவசமா? (வாசகி, லிந்தாங்)

பதில்: அப்படித்தான் பல காலம் நினைத்தார்கள். ஆனால் கடிகள் கழுத்துப் பக்கமாகக் குவிவதாகத் தெரியவில்லை. 2002இல் வெளியான செரெங்கெட்டி ஆய்வில் விதவிதமான பிடரி கட்டிய பொம்மைச் சிங்கங்களை வெளியில் நிறுத்தினார்கள். பெண்கள் கறுத்த பிடரியிடம் போயின. ஆண்கள் குட்டையான, வெளிறிய பிடரியிடம் போயின. கறுத்த பிடரி நல்ல தீனிக்கும் வலுவுக்கும் அடையாளம். அதற்கு விலையும் உண்டு, வெயிலில் உடம்பு அதிகம் சூடேறும்.

கேள்வி: குஜராத்தின் கிர் காட்டுச் சிங்கங்களும் இப்படித்தானா? (மளிகைக் கடைக்காரர்)

பதில்: ஓரளவுக்கு. 2025 கணக்கெடுப்பில் அங்கே 891 சிங்கங்கள். அங்கு ஆண்கள் பெண்களோடு ஒன்றாகத் தங்குவதில்லை. இரை சிறியது, பெரும்பாலும் புள்ளிமான், பங்கு போட்டால் போதாது. கூட்டாளிகளுக்குள்ளும் பெரியவன் சின்னவன் உண்டு. பெரியவனுக்கு இணைசேர்க்கையில் 70 சதவீதத்துக்கும் மேல். கிர் பெண் சிங்கம் சுற்றியுள்ள பல ஆண்களோடும் இணைசேரும். குட்டி யாருடையது என்று தெரியாததால் அந்த ஆண்கள் குட்டிகளைத் தொடுவதில்லை. கெட்டிக்காரத்தனமான தற்காப்பு அது.

கேள்வி: தோட்ட ஓரத்தில் காட்டுப்பன்றிக்குக் கம்பிக் கண்ணி வைக்கிறார்கள். சிங்கத்துக்கும் அந்த ஆபத்து உண்டா? (தோட்டக் காவலாளி)

பதில்: நிறைய உண்டு. ஆப்பிரிக்காவிலும் மானுக்கும் பன்றிக்கும் வைக்கும் கம்பிதான். சிங்கம் இழுக்க இழுக்கக் கம்பி எலும்பு வரை இறங்கும். எல்லை சுற்றும் ஆண் அதிக தூரம் நடப்பதால் அதிகம் மாட்டும். இதில் எங்களுக்குத் தாங்காத விஷயம் ஒன்று: இரண்டு பேர் கூட்டணியில் ஒருவன் மாட்டிச் செத்தால் எஞ்சியவனால் எல்லையைக் காக்க முடியாது. வெளியாள் நுழைவான், குட்டிகள் போகும். ஒரு கம்பிக்கு ஐந்தாறு உயிர். தலையையும் தோலையும் வெற்றிச் சின்னமாக எடுத்துப்போகும் பரிசு வேட்டைக்குச் சுடுவதிலும் இதே கதைதான். குட்டிகளை ஆளாக்கி முடித்த ஆறு வயதுக்கு மேற்பட்ட ஆணை மட்டும் சுட்டால் பாதிப்பு குறைவு என்று 2004இல் ஓர் ஆய்வு சொன்னது. வயதை மூக்கில் பார்க்கலாம்: குட்டியில் இளஞ்சிவப்பு, வயது ஏற ஏறக் கரும்புள்ளி பரவும், சுமார் ஐந்து வயதில் பாதி மூக்கு கறுத்திருக்கும்.

உகாண்டாவின் குயின் எலிசபெத் பூங்காவில் ஜேக்கப் என்ற ஆண் சிங்கம் 2020இல் பொறியில் சிக்கிப் பின்னங்கால் ஒன்றை இழந்தது. அங்கே பெண் சிங்கங்கள் குறைந்துபோனதால் ஆண்களுக்குள் போட்டி கடுமை. 2024 பிப்ரவரியில், சண்டையில் தோற்ற சில மணி நேரத்தில், மூன்று காலோடு அது கசிங்கா கால்வாயில் இறங்கியது. முதலையும் நீர்யானையும் உள்ள தண்ணீர், ஒன்றரை கிலோமீட்டர் நீச்சல், நடு இரவு. அக்கரை சேரும் வரை கூடவே நீந்தியது அதன் உடன்பிறப்பு டிபு.