‘டார்க்’ தொடரில் வரும் ஒவ்வொரு குறியீட்டுக்கும் அர்த்தம் தேடுவது வேலையில்லாதவர்கள் பார்க்கிற வேலையா?

உங்களிடம் யாரோ இதைக் கேட்டுச் சிரித்திருக்கிறார்கள். இல்லாவிட்டால் கேள்வி இந்தத் தொனியில் வந்திருக்காது. என்னைப் பார்த்து ஐந்து பேர் சிரித்தார்கள், அதுவும் ஒரு வட்ஸப் குழுவில், எல்லோருக்கும் முன்னால். ஆகவே பதில் கொஞ்சம் நீளும். ‘டார்க்’ நெட்ஃப்ளிக்ஸில் வந்த ஜேர்மன் காலப்பயணத் தொடர்; அதன் மூன்று சீசனையும் பார்க்காதவர்கள் இத்தோடு நின்றுகொள்ளுங்கள், பிறகு கதையைச் சொல்லிவிட்டான் என்று என்னை ஏசக்கூடாது.

வேலையில்லாதவன் என்பதை முதலில் ஒத்துக்கொள்கிறேன். 2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டார்கள். நான் மட்டக்களப்பில் டியூட்டரியில் கணிதம் படிப்பிக்கிறவன். டியூட்டரி பூட்டு, கையில் காசும் இல்லை. இரவு பன்னிரண்டுக்குப் பிறகு கிடைக்கும் நைட் டேட்டாவில் முதல் இரண்டு சீசனையும், பதினெட்டு எபிசோடையும், இறக்கிப் பார்த்து முடித்தேன். மறுகா முதலிலிருந்து பார்த்தேன். இரண்டாம் முறை ஒரு சீ.ஆர். கொப்பியை, அதாவது தடித்த அட்டை நோட்டுப் புத்தகத்தை, மடியில் வைத்துக்கொண்டு.

கொப்பி என்றதும் போன தடவை மாதிரி “யாழ்ப்பாணத் தமிழ் கேட்கவே இனிமை” என்று யாராவது கீழே எழுதுவீர்கள். ஐயா, இலங்கையில் தமிழ் பேசுகிறவன் எல்லாம் யாழ்ப்பாணத்தான் இல்லை. நான் மேலே எழுதிய ‘மறுகா’வைக் கொண்டுபோய் யாழ்ப்பாணத்தில் சொல்லிப் பாருங்கள், எந்த ஊர் என்று கேட்பார்கள். கொழும்பிலும் இதே கதைதான். தமிழ் என்றால் யாழ்ப்பாணம், அது இல்லையென்றால் மலையகம். மட்டக்களப்பு என்றால், “ஓ, தயிர்!” அதோடு முடிந்தது. பத்து வருடமாகக் கேட்டு அலுத்துப்போன விஷயம், மன்னியுங்கள்.

கொப்பியில் என்ன இருந்தது? விண்டன் என்கிற அந்த ஊரின் நான்கு குடும்பங்கள்: கான்வால்ட், நீல்சன், டொப்ளர், டீடெமன். குகைக் கதவில் இருக்கிற மூன்று முனை முடிச்சு. 1953, 1986, 2019 என்று முப்பத்துமூன்று வருட இடைவெளி. மூன்று முனையும் மூன்று வருடங்கள் என்பது என் கட்சி. இரண்டாம் சீசன் முடிவில் நாயகன் யோனாஸின் முன்னால் வந்து நிற்கும் அவன் காதலி மார்த்தா, எந்தக் காலத்திலிருந்து வந்தாய் என்று கேட்காதே, எந்த உலகத்திலிருந்து என்று கேள் என்கிற மாதிரிச் சொல்வாளே, அதை நான் நம்பவேயில்லை. அவள் பொய் சொல்கிறாள், எதிர்காலத்து மார்த்தாதான் என்று குழுவில் ஒன்றரைப் பக்கம் எழுதினேன். காத்தான்குடி நண்பன் ஒருவன் மட்டும், “மச்சான், முனை மூணெண்டா உலகமும் மூணு” என்றான். தோற்றவன் மற்றவனுக்குப் புரியாணி வாங்கிக் கொடுப்பது என்று பந்தயம்.

அந்தக் கொப்பி விரித்தபடி கிடந்ததை அம்மா ஒருநாள் கண்டா. மரவள்ளிக் கிழங்கு சீவிக்கொண்டிருந்தவ, கத்தியோடு எட்டிப் பார்த்தா.

“ஆர்ர கலியாணப் பேச்சு மகன் இது?”

“இது நாடகம்மா. ஜேர்மன் நாடகம்.”

“நாடகமெண்டாலும், குடி போடாம வம்சம் கீறி வைச்சிருக்காய்.”

வெளியூர்க்காரர்களுக்கு: எங்கள் பக்கத்தில் குடி என்கிற வம்சப் பிரிவு தாய்வழியாக வருகிறது. தாயின் குடிதான் பிள்ளைக்கு, ஒரே குடிக்குள் கலியாணம் இல்லை. கிழக்கு முஸ்லிம்களிடமும் இது உண்டு, காத்தான்குடியானுக்கும் தன் குடி தெரியும். உடனே சாதி பேசுகிறான் என்று வந்துவிடாதீர்கள், குடி வேறு. அந்தச் சண்டைக்குத் தனியாக ஒரு கேள்வி திறவுங்கள்.

நான் இணையத்தில் எல்லோரும் கீறுவதுபோலத் தகப்பன் பெயரை வைத்துத்தான் கீறியிருந்தேன். அம்மா சொன்னாவே என்று அடுத்த பக்கத்தில் தாய்வழியாகக் கீறினேன். யோனாஸ் தாய் ஹன்னாவின் குடி. மார்த்தாவும் தம்பி மிக்கேலும் தாய் கத்தரீனாவின் குடி.

“அப்ப அந்தப் பொடியனும் பிள்ளையும் வேற வேற குடி. செய்யலாமே” என்றா அம்மா.

நான் மிச்சத்தைச் சொன்னேன். மிக்கேல் 2019இல் காணாமற்போய் 1986க்குப் போகிறான், அங்கேயே வளர்கிறான், ஹன்னாவைக் கட்டுகிறான், பிறக்கிற பிள்ளைதான் யோனாஸ். கத்தி நின்றது.

“அப்ப அவள் இவனுக்கு மாமியெல்லோ! குடி சரி, முறை பிழை.”

மாமி என்றால் இங்கே தகப்பனின் அக்கா, அத்தை. இந்த ஒரு வரியை எத்தனையோ விளக்க வீடியோ பார்த்தும் நான் இவ்வளவு சுருக்கமாகக் கேட்டதில்லை. விட்டிருக்கலாம். ஆசை யாரை விட்டது? ஷார்லட், எலிசபெத் கதையையும் சொன்னேன். ஷார்லட் பெற்ற மகள் எலிசபெத், அந்த எலிசபெத் பெற்ற மகள்தான் ஷார்லட். அம்மா ஒரு கிழங்கு முழுவதையும் சீவி முடித்துத் தண்ணீரில் போட்ட பிறகு கேட்டா:

“அப்ப அந்தக் குடிக்கு மூத்தவள் ஆரு?”

நான் சிரித்தேன். குழுவிலும் போட்டேன், அவர்களும் சிரித்தார்கள்.

முப்பத்துமூன்றுக்கு வருகிறேன். சூரியனும் சந்திரனும் சேருகிற சுற்று என்று தொடரிலேயே சொல்லிவிட்டுப் போவார்கள், நாங்கள் அதைச் சாதாரண வசனமாக எடுத்துக்கொண்டு இயேசுவின் வயது, இரகசியச் சங்கங்கள் என்று எங்கெல்லாமோ போய் இரண்டு இரவு அடிபட்டோம். நோன்பு காலம். பள்ளிவாசல்கள் பூட்டு. நண்பன் ஸ்பீக்கரில் போட்டுக் கதைத்துக்கொண்டிருக்க, அவனுடைய வாப்பா பின்னாலிருந்து சொன்னார்:

“இதுக்கா மகன் ரெண்டு நாளாக் கணக்குப் பாக்கிறயள்? எண்பத்தேழுல, நான் கலியாணம் முடிச்ச வருஷம், இதே வெயிலுக்கதான் நோன்பு வந்த. முப்பத்துமூணு வருஷத்துக்கு ஒருக்கா சுத்தி அந்த இடத்துக்கே வரும்.”

கணித வாத்தியாருக்கு எவ்வளவு வெட்கம் என்று நினைத்துப் பாருங்கள். போனை வைத்துவிட்டுப் போட்டுப் பார்த்தேன். நோன்பைக் கணக்கிடுகிற சந்திர வருடம் 354 நாளும் கொஞ்சமும். அப்படி 34 வருடம் 12,048 நாள். சூரிய வருடம் 33 என்றால் 12,053 நாள். ஐந்து நாள்கூட வித்தியாசமில்லை. 1953, 1986, 2019 மூன்றிலும் நோன்பு தொடங்கியது எப்போது என்று தேடினேன். மூன்றும் மே மாதத்தின் முதற் பாதியில், ஒவ்வொரு சுற்றுக்கும் நாலைந்து நாள் முன்னுக்கு நகர்ந்து. எழுதிய யான்ட்யே ஃப்ரீஸேயும் இயக்கிய பாரன் போ ஓடாரும் நோன்பை நினைத்துத்தான் கதை கட்டினார்கள் என்று நான் சொல்லவில்லை. அப்படி நான் சொன்னதாக ஒருவர் ஏற்கெனவே சண்டைக்கு வந்தவர். வானம் ஒன்று, அவர்களும் அதைப் பார்த்தார்கள், வாப்பாவும் பார்த்தார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு தொடரில் 33 என்று வரும்போதெல்லாம் எனக்கு அந்த மனிதரின் கலியாண வருடம்தான் ஞாபகம் வருகிறது. எனக்கு அது நட்டமாகத் தெரியவில்லை.

மூன்றாம் சீசன் 2020 ஜூன் 27ஆம் திகதி வந்தது. கதைக்குள் உலகம் அழிகிற அதே திகதி. அப்படி வேண்டுமென்றே வைத்து விளையாடுகிறவர்களின் தொடரில் அர்த்தம் தேடாதே என்று சொல்வது, உறைக்கிற கறியைப் போட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்காதே என்கிற மாதிரி. இங்கே அது மத்தியானமே வந்துவிட்டது, என்னிடம் இருந்ததோ நைட் டேட்டா. கதை தெரிந்துவிடும் என்று குழுவைத் திறக்காமல் இரவு வரைக்கும் இருந்தேன். பின்னேரம் நாலு மணிபோல நண்பன் தனியாக ஒரு குரல் பதிவு அனுப்பினான். இரண்டு விநாடி. பேசாமல் விட்டிருக்கலாம், திறந்தேன்.

“மூணு.”

முடிச்சின் மூன்று முனையும் மூன்று உலகங்கள். மகனையும் மருமகளையும் பேத்தியையும் கார் விபத்தில் இழந்த மணிக்கூட்டுக்காரர் டான்ஹவுஸ், அவர்களை மீட்கப் போய் இயந்திரம் செய்ய, ஓர் உலகம் இரண்டாகப் பிளந்து முடிச்சு விழுகிறது. முடிச்சுக்குள் தேடினால் தொடக்கம் கிடைக்காது, தொடக்கம் வெளியில். அந்தக் குடிக்கு மூத்தவள் ஆரு என்று அம்மா கேட்டதும் அதைத்தான். அதைப் பிடித்துக்கொண்டு யோசித்திருந்தால் பந்தயத்தில் நான் வென்றிருப்பேன். புரியாணி இரண்டு வாங்கினேன், ஒன்று வாப்பாவுக்கு.

கடைசி எபிசோடை அம்மாவும் என்னோடு இருந்து பார்த்தா. கடைசி விருந்துக் காட்சியில் பொலிஸ்காரன் வோலர் தன் கண்ணுக்கு என்ன நடந்தது என்று சொல்லத் தொடங்க, லைற் நின்றுவிடும். மூன்று சீசனாகச் சொல்லாத விஷயம்.

“அவன்ட கண்ணுக்கு என்னவாம் மகன்?” என்றா.

அதற்கு என்னிடம் ஒரு விளக்கம் இருக்கிறது. கேட்கிறவர்கள் கீழே எழுதுங்கள், கொப்பியைத் தேடி எடுக்க வேண்டும்.