சடங்கை எடுக்கும் முன் அதில் யார் கை இருக்கிறது என்று பாருங்கள்

கேள்வி: எனக்கும் என் காதலருக்கும் வரும் தை மாதம் திருமணம். இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. இருவரும் இந்துக்கள், சாதி வேறு. இரண்டு வீட்டிலும் சம்மதித்துவிட்டார்கள். மண்டபம், புரோகிதர், மேடை அலங்காரம் எதுவும் வேண்டாம். சோழவந்தான் பக்கம் பாட்டி வீட்டுத் தென்னந்தோப்பில் 200 பேரை அழைத்து, முடிந்தவரை எல்லாவற்றையும் எங்கள் கையாலேயே செய்ய ஆசை. மொய்யும் வாங்கக் கூடாது என்று இருக்கிறோம். தாத்தா இல்லாததால் பாட்டி எந்தக் கல்யாணத்திலும் முன்னால் வருவதில்லை, அது மனதை உறுத்துகிறது. அம்மாவோ, "கல்யாணம் மாதிரியே இருக்காதேடி" என்று கவலைப்படுகிறார். இப்படிச் செய்தால் சட்டப்படி செல்லுமா? எதிலிருந்து தொடங்குவது? – வாசகி, மதுரை.

பதில்: சட்டத்தை முதலில் பேசிவிடலாம், அதில் குழப்பமே இல்லை. அருப்புக்கோட்டை பக்கம் சுக்கிலநத்தத்தில் 1928இல் முதல் சுயமரியாதைத் திருமணம் நடந்தது. 1950களில் அப்படிப்பட்ட திருமணம் ஒன்று செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அண்ணா முதலமைச்சரானதும் 1967இல் இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். அதற்கு முன்பு நடந்த சுயமரியாதைத் திருமணங்களும் செல்லும் என்றும் அதிலேயே எழுதினார்கள். உறவினர், நண்பர் முன்னிலையில், இருவருக்கும் புரிகிற மொழியில் "இவரை என் கணவராக ஏற்கிறேன்", "இவரை என் மனைவியாக ஏற்கிறேன்" என்று சொல்வது, அல்லது மாலை மாற்றுவது, மோதிரம் அணிவிப்பது, தாலி கட்டுவது, இவற்றில் ஒன்று போதும். புரோகிதர் தேவையில்லை. மாப்பிள்ளைக்கு 21, பெண்ணுக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். வேறு வேறு மதமாக இருந்தால் 1954ஆம் வருடச் சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ் 30 நாள் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும், உங்களுக்கு அது வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் 2009 முதல் திருமணப் பதிவு கட்டாயம். 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள். அங்கே அழைப்பிதழ் கேட்பது வழக்கம். பனை ஓலையில் எழுதினாலும் துணியில் அச்சடித்தாலும் சரி, இருவர் பெயர், பெற்றோர் பெயர், தேதி, இடம் தெளிவாக இருக்கட்டும். நீங்கள் உறுதிமொழி சொல்லும்போதும் மாலை மாற்றும்போதும் முகம் தெரிகிற படம் ஒன்றிரண்டு இருந்தால் நல்லது.

இனி அம்மாவின் கவலை. அது வெறும் ஊர்ப்பேச்சுப் பயம் இல்லை என்று நினைக்கிறேன்.

பல வருடங்களாகத் திருமணங்களை ஒருங்கிணைத்து வருகிறேன். ஒருமுறை உங்களைப் போலவே ஒரு ஜோடி. தேவையில்லாத சடங்கு என்று பத்துப் பன்னிரண்டை வரிசையாக அடித்துவிட்டார்கள். தாய்மாமன் சீரும் அதில் போய்விட்டது. அதை மாமாவிடம் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. காலை ஏழு மணிக்குத் தாம்பூலத் தட்டில் பட்டும் மாலையும் தேங்காயும் வைத்து, மேலே ஒரு துண்டு போட்டு மூடி, வாசலில் வந்து நின்றார். யாராவது கூப்பிடுவார்கள் என்று அரை மணி நேரம் அங்கேயே நின்றார். உள்ளே பாட்டுப் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தோம். நான் பார்த்தபோது தட்டைத் திண்ணையில் வைத்துவிட்டுச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். ஓடிப்போய் அழைத்து வந்தோம், மணப்பெண் அவர் காலைத் தொட்டு அழுதார், எல்லாம் சரியானது. ஆனால் அந்த அரை மணி நேரத்துக்கு நானும் பொறுப்பு. அன்றிலிருந்து யார் என்னிடம் எந்தச் சடங்கை எடுக்கச் சொன்னாலும் முதலில் ஒன்று கேட்கிறேன்: இதில் யார் கை இருக்கிறது?

நம் ஊர்க் கல்யாணத்தில் ஏறக்குறைய ஒவ்வொரு சடங்கும் ஒரு ஆளுக்கான இடம். முதல் முடிச்சு மாப்பிள்ளை போட, மற்ற முடிச்சுகளை நாத்தனார் போடுவார், விளக்குப் பிடிப்பதும் அவர்தான். மாலை தாய்மாமனுடையது. பந்தக்கால் பங்காளிகளுடையது. சடங்கு பிடிக்கவில்லை என்றால் தாராளமாக மாற்றுங்கள், அந்த ஆளின் இடத்தை மட்டும் எடுத்துவிடாதீர்கள். தாலி வேண்டாம், மோதிரம்தான் என்றால், அந்த மோதிரத் தட்டை நாத்தனார் ஏந்தி வரட்டும். தாய்மாமன் சீரை வரிசைத் தட்டு என்று ஆடம்பரமாக வைக்க வேண்டாம் என்றால், நீங்கள் மாற்றிக்கொள்ளும் மாலையை அவரே எடுத்துக் கொடுக்கட்டும். இது நடந்தால் அம்மாவுக்கு அது கல்யாணமாகவே தெரியும்.

பாட்டியைப் பற்றி எழுதியிருந்தீர்கள். எனக்கு உங்கள் கடிதத்தில் மிகவும் பிடித்த வரி அதுதான். அகநானூற்றின் 86ஆம் பாட்டில் ஒரு கல்யாண வீடு வருகிறது. உழுந்து சேர்த்துக் குழையச் சமைத்த சோறு, வரிசையாகக் கால் நட்ட பந்தல், கொண்டுவந்து பரப்பிய புதுமணல், விளக்கு, மாலை. விடியற்காலையில் பிள்ளை பெற்ற பெண்கள் நால்வர் கூடி வாழ்த்தி, பூவும் நெல்லும் கலந்த நீரால் மணமகளை நீராட்டுகிறார்கள். தீ வளர்ப்பதும் புரோகிதரும் அந்தப் பாட்டில் இல்லை. புரோகிதர் இல்லாத கல்யாணம் புதுசு என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள். அந்த நால்வருக்குப் பதில் உங்களை வளர்த்த நான்கு பெண்களைத் தேர்ந்தெடுங்கள். ஒருவர் பாட்டி, ஒருவர் மாப்பிள்ளை வீட்டுப் பெரியம்மா, ஒருவர் பக்கத்து வீட்டு அத்தையாகக்கூட இருக்கலாம். பித்தளைச் செம்பில் நீர், அதில் ஒரு பிடி நெல், கொஞ்சம் உதிரிப்பூ. உங்கள் இருவர் கையிலும் ஆளுக்கொரு முறை ஊற்றி, ஒரு வரி வாழ்த்துச் சொன்னால் போதும். பாட்டியே முதலில் ஊற்றட்டும். ஆனால் அன்று காலை திடீரென்று கூப்பிட்டால் அவர் பின்னால் போய் ஒளிந்துகொள்வார், வற்புறுத்தினால் அழுதுவிடுவார். இப்போதே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். அவருடைய வயதுக்காரி ஒருத்தியும் அந்த நால்வரில் இருந்தால் துணிச்சல் வரும்.

உறுதிமொழியை எங்கிருந்தாவது நகல் எடுக்காதீர்கள். முதல் வரியில் சட்டத்துக்கான வாக்கியம். அப்புறம் ஆறேழு வரி, தினசரி வாழ்க்கையில் இருந்து. "உன் அம்மாவின் மாத்திரை நேரத்துக்கு என் செல்போனிலும் அலாரம் இருக்கும்" என்று ஒரு மாப்பிள்ளை வாசித்தபோது பந்தலே அமைதியானது. ஆளுக்கொரு மைக் வைத்துக்கொள்ளுங்கள், முதல் நாளே பேட்டரி மாற்றுங்கள். தாளைப் பார்த்து வாசிப்பதில் தப்பில்லை, கை நடுங்கும்.

தோப்புக்கு வருவோம். அழகான இடம், ஆபத்தான இடமும்கூட. கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பு மரமேறுபவரை வைத்துப் பந்தல் எல்லைக்குள் இருக்கும் எல்லா மரத்திலும் காயையும் காய்ந்த மட்டையையும் இறக்கிவிடுங்கள். உட்கார்ந்திருப்பவர் தலையில் ஒரு நெற்று விழுந்தால் போதும். இறக்கிய மட்டை வீணாகாது. ஓலையை ஊறவைத்துக் கீற்று முடைய உங்கள் ஊரில் கை தெரிந்தவர்கள் இன்னும் இருப்பார்கள், அவர்களோடு உட்கார்ந்து நீங்களும் நாலு கீற்று முடையுங்கள். ஆனால் அடுப்பு எரியும் இடத்துக்குக் கீற்றுக் கூரை வேண்டாம், தகரம் போட்டுப் பந்தலிலிருந்து நன்றாகத் தள்ளி அமையுங்கள்.

தோப்பில் மோட்டாருக்கு இலவச விவசாய மின்சாரம் இருக்கும். அதிலிருந்து பந்தலுக்கு வயர் இழுத்துவிடலாம் என்று யாராவது சித்தப்பா சொல்வார். அது விதிமீறல், மாட்டினால் பாட்டி பெயரில்தான் அபராதம் வரும். மின்வாரியத்தில் தற்காலிக இணைப்பு கேளுங்கள், இல்லையென்றால் ஜெனரேட்டர். ஒலிபெருக்கி காலை 6 மணிக்கு முன்பு கூடாது, அதனால் விடியற்காலை முகூர்த்தம் வேண்டாம். எப்படியும் தை மாதப் பனியில் அந்த நேரத்துக்கு நாற்காலியெல்லாம் நனைந்து கிடக்கும். 9 மணிக்கு மேல் வையுங்கள். அப்புறம் கழிப்பறை. 200 பேருக்கு, அதிலும் வயதானவர்களுக்கு, பாட்டி வீட்டின் ஒரே கழிப்பறை போதாது. பக்கத்து வீடுகளில் இப்போதே கேட்டு வையுங்கள், அல்லது நடமாடும் கழிப்பறை வாடகைக்கு எடுங்கள். அழகுக்கு ஒதுக்கிய பணத்தில் குறைத்தாவது இதைச் செய்யுங்கள்.

தையில் முகூர்த்த நாள் பார்க்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமையை எடுக்க இரண்டு வீடும் ஒத்துக்கொண்டால், சமையல் மாஸ்டர், நாதஸ்வரம், பாத்திர வாடகை எல்லாம் சுலபமாகக் கிடைக்கும்.

மதுரைக்காரர்களுக்கு மல்லிகை இல்லாமல் கல்யாணமா என்றிருக்கும். ஆனால் பனிக்காலத்தில் மல்லி விளைச்சல் குறைந்து, தையில் கிலோ ஆயிரங்களில் போகும். தலைக்கு மட்டும் மல்லி. மாலைக்குச் சம்பங்கி, மரிக்கொழுந்து. பந்தலுக்குச் செவ்வந்தியும் கோழிக்கொண்டையும். அதைவிட நல்லது ஒன்று உண்டு: தையில் உங்கள் பக்கம் அறுவடை. கதிரை அறுக்கும் முன் நாலைந்து கட்டு கேட்டு வாங்கி, குஞ்சம் கட்டி வாசலில் தொங்கவிடுங்கள். பிறகு அப்படியே விட்டுவிட்டால் குருவி வந்து தின்னும். ஒன்பது நாள் முன்பு இரண்டு வீட்டு மண்ணையும் ஒரே சட்டியில் கலந்து முளைப்பாரி போட்டால், அன்றைக்கு அது வளர்ந்து நிற்பதைவிட வேறு மேடை அலங்காரம் எதற்கு?

நீங்கள் உட்காரப் பத்தமடைப் பாய் சொல்லிவையுங்கள். கோரைப் புல்லில் மணமக்கள் பெயரை நெய்து தருவார்கள். சன்ன ரகம் கைத்தறியில் நாள் பிடிக்கும், இப்போதே சொன்னால்தான் தைக்குக் கைக்கு வரும். தாம்பூலத்துக்கு வெளியே எதையும் தேட வேண்டாம். சோழவந்தான் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. தேங்காய் உங்கள் தோப்பில். மார்கழியிலேயே 200 காயை ஒதுக்கி உரித்து வையுங்கள். மஞ்சப்பையில் தேங்காய், பாக்கு, வெற்றிலை. வெற்றிலையை முதல் நாள் மாலை வாங்கி ஈரத் துணியில் சுற்றுங்கள். பிளாஸ்டிக் பூச்சுள்ள கப், தட்டு, தெர்மாகோல், உறிஞ்சுகுழல் எல்லாம் 2019 ஜனவரியிலிருந்து தமிழ்நாட்டில் தடை. எவர்சில்வர் டம்ளரை வாடகைக்கு எடுத்தால் தோப்பும் சுத்தமாக இருக்கும்.

சமையலை மட்டும் நீங்களே செய்ய நினைக்காதீர்கள். 200 பேருக்குச் சோறு வடிப்பது வேறு தொழில். நல்ல மாஸ்டரைப் பிடியுங்கள், அவர் கொடுக்கும் பட்டியலுக்குச் சாமான் நீங்கள் வாங்குங்கள். அரிசி 20 முதல் 25 கிலோ, இலை 250 என்று அவர் சொன்னால் நியாயமான கணக்கு. முதல் நாள் இரவு வெங்காயம் உரிப்பது, காய் நறுக்குவது இரண்டு குடும்பமும் சேர்ந்து. சாதி வேறான இரண்டு வீடு ஒரே அரிவாள்மணையைச் சுற்றி உட்கார்ந்து பேச அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. வீட்டு சிலிண்டரை வைத்துச் சமைக்கக் கூடாது, 19 கிலோ வணிக சிலிண்டர் வாங்குங்கள்.

பந்திக் கணக்கைத்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். ஒரு பந்தி சாப்பிட்டு, இலை எடுத்து, அடுத்த இலை போட 40 நிமிடம். 50 பேர் பந்தி என்றால் நாலு பந்தி, இரண்டரை மணி நேரத்துக்கு மேல். 70 பேர் உட்காரப் போட்டால் மூன்று பந்தியில் இரண்டு மணி நேரத்தில் முடியும். 70 பேருக்குப் பரிமாறப் பத்துப் பேராவது வேண்டும். சித்தப்பா, பெரியப்பா பையன்கள், உங்கள் அலுவலக நண்பர்கள். இன்னார் சாம்பார், இன்னார் கூட்டு, இன்னார் தண்ணீர் என்று பெயர் எழுதிச் சமையல் கூடத்தில் ஒட்டுங்கள். முதல் பந்தியில் பெரியவர்களும் குழந்தைகளும். மாஸ்டரும் அவர் ஆட்களும் சாப்பிட்டார்களா என்று பார்க்க ஒருவரைத் தனியாக நியமியுங்கள்.

மொய் விஷயத்தில் உங்களோடு நான் ஒத்துப்போகவில்லை. மொய் வேண்டாம் என்பது நல்ல மனசு. ஆனால் உங்கள் அப்பா கடந்த இருபது வருடமாக யார் யார் வீட்டுக்கு எவ்வளவு செய்தார் என்று வீட்டில் ஒரு நோட்டு இருக்கும், எடுத்துப் பாருங்கள். மதுரைப் பக்கம் மொய் அன்பளிப்பு மட்டும் இல்லை, கொடுக்கல் வாங்கல். அதைத் திருப்பித் தர வந்தவரிடம் வேண்டாம் என்றால், அவர் கடன்காரராகவே வீட்டுக்குப் போக வேண்டியிருக்கும். சிலருக்கு அது அவமானமாகவும் படும். அந்த உறவையே வேண்டாம் என்கிறீர்களோ என்று நினைப்பார்கள். அதனால் பத்திரிகையில் "மொய் தவிர்க்கவும்" என்று போடும் முன் அப்பாவிடம் கேளுங்கள். அவர் கணக்கில் உள்ளவர்களுக்காக ஒரு ஓரத்தில் மேசையும் நோட்டும் இருக்கட்டும், ஒலிபெருக்கியில் பெயர் வாசிக்க வேண்டாம். உங்கள் நண்பர்களுக்கு மட்டும் தனியாகச் சொல்லிவிடுங்கள். புதிதாகக் கணக்குத் தொடங்காமல் இருந்தாலே, உங்கள் தலைமுறையில் அது தானாக முடிந்துவிடும்.

ஒரே ஒரு கண்டிப்பு. கல்யாணத்துக்கு முதல் நாள் மாலை 6 மணிக்கு மேல் நீங்கள் இருவரும் எந்த வேலையும் செய்யக் கூடாது. எல்லாம் என் கையால் என்று இரவு இரண்டு மணிவரை பூக்கட்டி, மறுநாள் உறுதிமொழி சொல்லும்போது கண் சொருகிய பெண்ணைப் பார்த்திருக்கிறேன். அந்த நேரத்துக்கு மேல் எல்லா முடிவையும் எடுக்க நிதானமான ஒருவரிடம் பொறுப்பையும் பணப்பையையும் கொடுத்துவிடுங்கள்.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டீர்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவை உட்காரவைத்து, அவருடைய கல்யாணத்தில் யார் யார் என்னென்ன செய்தார்கள் என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். இடது பக்கம் ஆளின் பெயர், வலது பக்கம் உங்கள் கல்யாணத்தில் அவருக்கான வேலை. வலது பக்கம் காலியாக இருக்கும் பெயர்களைப் பார்த்து யோசியுங்கள். மாப்பிள்ளை வீட்டிலும் இதேபோல ஒரு நோட்டு. பிறகு இருவருமாகக் கிளம்பிப் போய் முதலில் தாய்மாமனைப் பாருங்கள். போனில் சொல்ல வேண்டாம், நேரில் போய், மாலை எடுத்துக் கொடுப்பது நீங்கள்தான் மாமா என்று சொல்லிவிட்டு வாருங்கள்.