மரம், தீ, மண், உலோகம், நீர்: கேட்டவர்களுக்குப் பதில்

சீன மருத்துவத்தின் ஐந்து கூறுகள், பருவகால உணவு பற்றி வந்த கேள்விகள் இவை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: அக்கா, இது நம்ம பஞ்சபூதம்தானே?

நிலம், நீர், தீ மூன்றும் இரண்டு பக்கமும் உண்டு. நம் காற்றும் ஆகாயமும் அங்கே கிடையாது. அவர்களுடைய மரமும் உலோகமும் நம்மிடம் கிடையாது. சீனத்தில் இதற்கு ‘வூ ஷிங்’ என்று பெயர். ஷிங் என்றால் நடப்பது, நகர்வது. மரம் என்பது முளைத்து மேலெழும் போக்கு, அதனால் வசந்தம். தீ கோடைக்கு, உலோகம் இலையுதிர் காலத்துக்கு, நீர் குளிர்காலத்துக்கு.

கேள்வி: நான்கு பருவத்துக்கு ஐந்து கூறு எப்படிப் பொருந்தும்?

இதைத்தான் எதிர்பார்த்தேன். இடிப்பது மண். கோடையின் கடைசிப் புழுக்க நாட்களை மண்ணுக்குக் கொடுப்பது ஒரு வழக்கம். ஒவ்வொரு பருவத்தின் கடைசி 18 நாளைக் கொடுப்பது இன்னொன்று. நான்கு பதினெட்டு 72, மற்ற நான்குக்கும் தலா 72, மொத்தம் 360. முன்னது வானத்தைப் பார்த்து வந்தது, பின்னது கணக்குக்காக வந்தது என்பது என் எண்ணம்.

கேள்வி: இலையுதிர் காலத்தில் என்ன சாப்பிடுவார்கள்? எனக்கு வறட்டு இருமல்.

பெய்ஜிங் பக்கம் அந்த மாதங்களில் காற்று காய்ந்துவிடும். உதடு வெடிக்கும், தொண்டை கரகரக்கும். உலோகத்துக்குரிய உறுப்பு நுரையீரல், நிறம் வெள்ளை. எனவே பேரிக்காய். மேல்பகுதியை மூடி போல வெட்டி, விதைப் பகுதியைக் கரண்டியால் தோண்டி, குழியில் கற்கண்டு போட்டு, மூடியைத் திரும்ப வைத்து, கிண்ணத்தோடு ஆவியில் வேக வைப்பார்கள். அரை மணிக்குமேல் ஆகும். கிண்ணத்தில் ஊறி நிற்கும் சாறுதான் முக்கியம், கொட்டிவிடாதீர்கள். சர்க்கரை நோய் இருந்தால் கற்கண்டு வேண்டாம். இருமல் மூன்று வாரம் தாண்டினால் பேரிக்காயை விட்டுவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

கேள்வி: வசந்தம் கல்லீரலுக்கு உரியதாமே. ஸ்கேனில் கொழுப்புக் கல்லீரல் என்று வந்திருக்கிறது, அதற்கு...

அவர்கள் சொல்லும் ‘கல்லீரலில்’ கோபம், கண், தசைநார் எல்லாம் அடக்கம். உங்கள் ஸ்கேனில் இருப்பது வேறு.

கேள்வி: சிறுநீரகத்தை வலுப்படுத்தும் சீனப் பொடி ஆன்லைனில் கிடைக்கிறது. குளிர்காலத்தில் எடுக்கலாமா?

வேண்டாம். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலியச் சீன மூலிகை சாப்பிட்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகமே கெட்டுப்போனது. ஒரு மூலிகைக்குப் பதில் பெயர் ஒத்த வேறொன்று வந்துவிட்டது. அதில் இருந்தது அரிஸ்டோலோக்கிக் அமிலம். எது கலந்தது என்று தெரியாத பொடி வாயில் படக்கூடாது.

கேள்வி: சீனாவுக்கு இதைக் கொண்டுபோனதே போகர்தான். ஏன் மறைக்கிறீர்கள்? (இதே கேள்வி ஆறு பேர்)

மறைக்க என்ன இருக்கிறது? போகர் சீனம் போய்வந்தார் என்பது சித்தர் மரபுக் கதை. எனக்கும் பிடித்த கதை. ஆனால் ஐந்து கூறுகளைக் கோட்பாடாக விரித்தவர் என்று சீனர்கள் சொல்வது கி.மு. 3ஆம் நூற்றாண்டின் ட்ஸோ யென்னை. அவர் பேசியது அரச வம்சங்கள் மாறும் வரிசையை, மருந்தை அல்ல. இங்கிருந்து போயிருந்தால் ஆகாயத்தை வழியில் எங்கே இறக்கிவைத்தார்களாம்?

கேள்வி: அப்படியானால் போதிதர்மர்?

அடுத்த கேள்வி.

கேள்வி: சிங்கப்பூரில் இருக்கிறேன். எந்தப் பருவத்தைப் பின்பற்றுவது?

இந்த நாட்காட்டி மஞ்சள் ஆற்றுப் படுகையின் வானிலைக்கு எழுந்தது. குளிர்காலத்தில் சீக்கிரம் படு, வெயில் வந்தபின் எழு என்கிறது பழைய சீன மருத்துவ நூலான ஹுவாங்தி நெய்ஜிங். உங்கள் ஊரில் வருடம் முழுக்க ஏழு மணிவாக்கில்தான் விடிகிறது. அதற்காக வருடம் முழுக்கக் குளிர்காலமா? புழுக்கத்துக்கான உணவை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: பாசிப்பயறுக் கஞ்சி, பாகற்காய்.

கேள்வி: கொழுப்புக் கல்லீரலுக்கு...

மேலே படியுங்கள்.

கேள்வி: போகர் பேரிக்காயும் கொண்டுவந்திருப்பாரோ அக்கா?

பழனிக்கு மேலே கொடைக்கானலில் விளைகிறதே, தம்பி. அது கெட்டியான காய், கூடப் பத்து நிமிடம் வேக விடுங்கள்.